இரண்டரை வினாடிக்கான விலை

2021 ஜனவரி 30, சனிக்கிழமை இரவு. பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர் தொலைபேசியில் அழைத்தார். மதுரைக்காரர், என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். “தம்பி, ஸ்டாஃபோர்டைக் கொடுத்துட்டாங்க. பதிலுக்கு அந்த கோஃப் வர்றானாம்” என்றார். எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான டெட்ராய்ட் லயன்ஸ், தன் முக்கிய ஆட்டக்காரரை வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்ட செய்தி அது. ஊரில் இருக்கும் பூர்வீக வீட்டைத் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பங்காளிகள் விற்றுவிட்டார்கள் என்று தெரியவரும்போது ஒருவருக்கு வரக்கூடிய குரலில் அதைச் சொன்னார்.

நாங்கள் இருப்பது மிச்சிகன் மாநிலத்தின் நோவை நகரில். டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள கார் தொழிலை நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. கிரிக்கெட்டை விட்டுவிடாமலே அமெரிக்கக் கால்பந்தையும் பிடித்துக்கொண்டவர்கள் அவர்களில் சிலர். அண்ணன் அதில் முற்றிய நிலை. 1991 டிசம்பரில் டெட்ராய்ட்டில் வந்து இறங்கிய அவர், ஒரு மாதம் முடிவதற்குள், 1992 ஜனவரி 5 அன்று, டெட்ராய்ட் லயன்ஸ் அணி டாலஸ் கவ்பாய்ஸை 38-6 என்று பிளேஆஃபில், அதாவது பருவ இறுதியின் நாக்அவுட் சுற்றில், நொறுக்கியதைப் பார்த்துவிட்டார். இங்கே இது ஆண்டுதோறும் நடக்கும் போலிருக்கிறது என்று அன்று அவர் நினைத்துக்கொண்டாராம். 1957இல் கோப்பையை வென்றதற்குப் பிறகு லயன்ஸ் பெற்ற ஒரே பிளேஆஃப் வெற்றி அதுதான் என்பதும், அடுத்ததற்கு 32 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதும் அப்போது அவருக்குத் தெரிய வழியில்லை.

அவருடைய வீட்டு பேஸ்மென்ட்டில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், இந்திய மளிகைக் கடையில் கொடுக்கும் தமிழ் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்திலும் திதிக்கும் ராகு காலத்துக்கும் நடுவே கிடைக்கும் இடத்தில் அன்றைய ஆட்டத்தின் புள்ளிகளை எழுதி வைப்பார். வெற்றி என்றால் சிவப்பு மை, தோல்வி என்றால் பென்சில். 2008ஆம் ஆண்டுக் காலண்டரை இன்னும் எடுத்து வைத்திருக்கிறார். 16 ஆட்டங்களில் பதினாறிலும் தோற்ற முதல் அணி என்ற பெயரை லயன்ஸ் வாங்கிய ஆண்டு அது. அதில் சிவப்பு மையில் இருப்பவை அரசு விடுமுறை நாட்கள் மட்டும்தான்.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் என்பவர் ஏறத்தாழ ஒவ்வொரு தாக்குதலிலும் பந்தைத் தொட்டு, அதை எறிவதா கொடுப்பதா என்று முடிவெடுப்பவர். சென்டர் எனப்படும் நடு ஆட்டக்காரர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுத்த நொடியிலிருந்து, எதிரணியின் நான்கைந்து பூதாகாரமான மனிதர்கள் அவரைத் தரையில் வீழ்த்தப் பாய்ந்து வருவார்கள். அவர்களைத் தடுக்க அவருக்கு முன்னால் நிற்பவர்கள் ஐந்து பேர்; பந்தை எறியவும் பிடிக்கவும் உரிமை பெரும்பாலும் இல்லாத, தொலைக்காட்சியில் பெயர் அதிகம் அடிபடாத ஐந்து பேர். அவர்கள் வாங்கித் தரும் இரண்டரை அல்லது மூன்று வினாடிகளுக்குள் குவாட்டர்பேக் மைதானத்தைப் படித்து, ஆளைத் தேர்ந்தெடுத்து, எறிந்து முடிக்க வேண்டும். பந்து கையில் இருக்கும்போதே அவர் வீழ்த்தப்பட்டால் அது சேக்.

தோற்றுக்கொண்டே இருக்கும் அணி எப்படி மீள்வது என்ற கேள்விக்கு என்.எஃப்.எல் எனப்படும் இந்த லீகில் பதில் ஆயத்தமாக இருக்கிறது. கடைசியில் நின்ற அணிக்குக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு தரும் டிராஃப்ட் என்ற ஏற்பாடு அங்கே உண்டு. அதில் ஓர் இளம் குவாட்டர்பேக்கை எடு, அவனைச் சுற்றி அணியைக் கட்டு என்பார்கள். சொல்வதற்குச் சுலபம். 2002 டிராஃப்டில் புதிய அணியான ஹூஸ்டன் டெக்சன்ஸ் முதல் ஆளாக டேவிட் கார் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. அவருக்கு முன்னால் நிற்க உருப்படியான ஐந்து பேர் இல்லை. அந்த முதல் பருவத்தில் மட்டும் அவர் 76 முறை வீழ்த்தப்பட்டார், அது லீகின் சாதனையாகப் பதிவானது. அதே டிராஃப்டில் மூன்றாவது ஆளாக ஜோயி ஹாரிங்டனை எடுத்தது லயன்ஸ். நான்கே பருவங்களில் அவரும் டெட்ராய்ட்டை விட்டுப் போனார். அடுத்து 2009இல் முதல் ஆளாக வந்தவர் மேத்யூ ஸ்டாஃபோர்ட். அவர் விஷயத்தில் தேர்வு பிழையில்லை. 2011இல் ஒரே பருவத்தில் 5,000 யார்டுக்கு மேல் எறிந்தவர், உடைந்த எலும்புகளோடும் ஆடியவர். ஆனாலும் 12 ஆண்டுகளில் மூன்று முறை பிளேஆஃபுக்குப் போய் மூன்றிலும் தோற்றார். நல்ல தூணை நட்டுவிட்டுக் கூரைபோட மறந்த வீடு அது.

2020 நவம்பரில், நன்றி நவிலல் நாளன்று டெக்சன்ஸிடம் 41-25 என்று தோற்ற இரண்டாவது நாள், தலைமைப் பயிற்சியாளரையும் பொது மேலாளரையும் ஒன்றாக வெளியே அனுப்பினார்கள். புதிய பொது மேலாளராக வந்த பிராட் ஹோம்ஸ் அதுவரை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் கல்லூரி ஆட்டக்காரர்களைக் கண்டறியும் பிரிவின் தலைவராக இருந்தவர். பயிற்சியாளராக வந்த டேன் கேம்ப்பெல், 2008இன் அந்தப் பூஜ்ய அணியில் ஆட்டக்காரராகவே இருந்தவர். தங்களை யாராவது வீழ்த்தினால் எழுந்திருக்கும் வழியில் அவனுடைய முழங்காலைக் கடித்து எடுத்துக்கொண்டே எழுவோம் என்று முதல் செய்தியாளர் சந்திப்பிலேயே சொல்லி நாடு முழுவதையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை, “இந்த ஆளுக்கு அந்த 2008 வலி தெரியும் தம்பி” என்றார்.

அதற்கு ஒன்பது நாள் கழித்துத்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு. ஸ்டாஃபோர்ட் தானே விலக விரும்பினார். மெக்சிகோவின் காபோவில் விடுமுறையில் இருந்தபோது அங்கே வந்திருந்த ராம்ஸ் பயிற்சியாளர் ஷான் மெக்வேயைச் சந்தித்ததாகப் பின்னர் செய்திகள் வந்தன. ஸ்டாஃபோர்டுக்குப் பதிலாக ராம்ஸ் தந்தவை: 2022, 2023 டிராஃப்ட்களின் முதல் சுற்று வாய்ப்புகள் இரண்டு, 2021இன் மூன்றாம் சுற்று வாய்ப்பு ஒன்று, கூடவே ஜாரெட் கோஃப். காய்கறி வாங்கினால் மேலே கொஞ்சம் கறிவேப்பிலையைப் போட்டுக் கொடுப்பார்களே, அந்தக் கொசுறு போலத்தான் கோஃப் வந்து சேர்ந்தார் என்று எல்லோரும் எழுதினார்கள். உண்மையில் அதைவிட மோசம். 2019இல் ராம்ஸ் அவருக்கு 13.4 கோடி டாலருக்கு நான்காண்டு ஒப்பந்த நீட்டிப்பு தந்திருந்தது. எல்லா அணிகளுக்கும் ஒரே அளவில் சம்பள உச்சவரம்பு வைத்திருக்கும் லீகில் அப்படிப்பட்ட ஒப்பந்தம் பெரும் சுமை. அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு ஈடாகத்தான் ராம்ஸ் டிராஃப்ட் வாய்ப்புகளைக் கூடுதலாகக் கொடுத்தது என்பதே பரவலான கணிப்பு. கொசுறுக்குக் காசு வாங்காமல் விடலாம். எடுத்துக்கொண்டு போங்கள் என்று கடைக்காரரே காசும் கொடுத்தால் அந்தக் கறிவேப்பிலையை யார் நம்புவார்கள்?

இத்தனைக்கும் கோஃப் சாதாரணமானவர் இல்லை. 2016 டிராஃப்டின் முதல் ஆள். முதல் பருவத்தில் ஆரம்பித்த ஏழு ஆட்டங்களிலும் தோற்று, மெக்வே வந்த பிறகு நிமிர்ந்து, 2019 பிப்ரவரியில் அணியை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனவர். அங்கே நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் 13-3 என்று தோற்றதிலிருந்து அவரைப் பற்றிய முடிவு ஒன்று கெட்டிப்பட்டுவிட்டது: சுற்றி அமைதி இருந்தால் அபாரமாக எறிவார், யாராவது நெருங்கிவிட்டால் கலங்கிவிடுவார், ஓடித் தப்பிக்கவும் தெரியாது. 26 வயதில், எதற்கும் லாயக்கில்லை என்ற முத்திரையோடு டெட்ராய்ட்டுக்கு வந்தார்.

அந்தக் குறைப் பட்டியலை ஹோம்ஸ் அறியாதவர் அல்லர். கோஃபை ராம்ஸ் எடுத்தபோது அந்த அறையில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பட்டியலைத் திருப்பிப் படித்தால் அதுவே ஒரு கட்டட வரைபடம் என்பதை அவர் கண்டுகொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். நெருங்கினால் கலங்குகிறவருக்கு யாரும் நெருங்காமல் பார்த்துக்கொண்டால் என்ன?

2021 ஏப்ரல் டிராஃப்டுக்குப் போவோம், ஏனென்றால் முழுக் கதையின் முடிச்சும் அங்கேதான் விழுகிறது. அந்த ஆண்டு முதல் சுற்றில் ஐந்து குவாட்டர்பேக்குகள் போனார்கள். முதல் மூன்று இடங்களில் டிரெவர் லாரன்ஸ், சாக் வில்சன், டிரே லான்ஸ். ஐந்தாவது இடத்தில் இருந்தது சின்சினாட்டி பெங்கால்ஸ். அந்த அணி முந்தைய ஆண்டு முதல் ஆளாக எடுத்த ஜோ பரோ என்ற குவாட்டர்பேக், காவல் போதாமல் அடிமேல் அடி வாங்கி, நவம்பரில் முழங்கால் தசைநார்கள் கிழிந்து படுத்திருந்தார். அவருக்குக் காவலாகப் பெனே சூயல் என்ற தடுப்பு ஆட்டக்காரரை எடுப்பதா, அவருடைய கல்லூரித் தோழரும் பந்தைப் பிடிப்பதில் மாயக்காரருமான ஜமார் சேஸை எடுப்பதா என்று மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. பெங்கால்ஸ் சேஸை எடுத்தது. ஆறாவதாக மயாமியும் பந்து பிடிப்பவரையே எடுத்தது. ஏழாவதாக லயன்ஸ் முறை வந்தபோது சூயல் எஞ்சியிருந்தார்; ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், மேக் ஜோன்ஸ் என்ற இரு குவாட்டர்பேக்குகளும் எஞ்சியிருந்தார்கள்.

லயன்ஸ் சூயலை எடுத்தது. அந்த அறையில் எடுத்த காணொளியில் ஹோம்ஸ் கைகளை உயர்த்திக் கத்திக்கொண்டு துள்ளுவதைப் பார்க்கலாம்; லாட்டரி விழுந்தவன்கூட அப்படித் துள்ளமாட்டான். அமெரிக்க சமோவாவில் பிறந்த, இருபது வயதே ஆன, தொற்றுக் காலத்தால் முந்தைய ஆண்டு முழுவதும் ஆடாமல் இருந்த ஒரு தடுப்புக்காரருக்காக இப்படியா என்று தோன்றியது. இன்று திரும்பிப் பார்த்தால், அந்த ஐந்து குவாட்டர்பேக்குகளில் லாரன்ஸைத் தவிர மற்ற நால்வரும் மூன்றே ஆண்டுகளுக்குள் தங்களை எடுத்த அணிகளால் அடிமாட்டு விலைக்கு வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். அவர்கள் எல்லோரும் திறமையற்றவர்கள் என்று நான் நம்பவில்லை. பந்தல் கால் ஊன்றுவதற்கு முன்பே மாப்பிள்ளையைக் கொண்டுவந்து வெயிலில் நிறுத்திவிட்டார்கள்.

நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும்: முன்னால் நிற்கும் அந்த ஐவரில் இடப்பக்கக் கோடியில் டெய்லர் டெக்கரையும் நடுவில் ஃப்ராங்க் ராக்னோவையும் எடுத்து வைத்துவிட்டுப் போனது, நாங்கள் எல்லோரும் திட்டித் தீர்த்த பழைய நிர்வாகம்தான். புதியவர்கள் அந்தச் சுவரை இடிக்காமல் அதன்மேல் கட்டினார்கள். அதே டிராஃப்டின் நான்காம் சுற்றில், 112ஆவது ஆளாக, ஏமன்-ரா செயின்ட் பிரவுன் வந்தார். தனக்கு முன்னால் தேர்வான 16 பந்து பிடிப்பவர்களின் பெயர்களையும் வரிசை மாறாமல் மனப்பாடமாக வைத்திருந்து யார் கேட்டாலும் ஒப்பிப்பவர். அவமானத்தை இப்படி அட்டவணை போட்டு வைத்துக்கொள்வோர் நம் உறவுக் கூட்டத்திலும் உண்டு. ஆனால் அவர்கள் யாரும் அதை வைத்துப் பந்து பிடிப்பதில்லை.

முதல் பருவம் சோறு இறங்காத பருவம். 2021 செப்டம்பரில் பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிராக 17-16 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தில், நேரம் முடியும் தருவாயில் ஜஸ்டின் டக்கர் ஃபீல்ட் கோலுக்காக, அதாவது கம்பங்களுக்கு நடுவே செலுத்தி மூன்று புள்ளி எடுக்க, 66 யார்டு தூரத்திலிருந்து பந்தை உதைத்தார். லீகின் வரலாற்றில் அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் அதுவரை அடித்ததில்லை. பந்து குறுக்குக் கம்பியின் மேல் விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளி, அந்தப் பக்கம் போய் விழுந்தது. அண்ணன் பென்சிலை எடுத்து 19-17 என்று எழுதிவிட்டு அதன் கூர்முனையைக் காலண்டரிலேயே அழுத்தி உடைத்தார்.

டிசம்பர் 5 அன்று மினசோட்டா வைக்கிங்ஸ் ஆட்டத்துக்கு லயன்ஸின் அரங்கமான ஃபோர்டு ஃபீல்டுக்கு நேரிலேயே போனோம். அதுவரை பத்துத் தோல்வி, ஒரு சமன், வெற்றி இல்லை. அந்த வாரம்தான் அருகிலுள்ள ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு மாணவர்கள் உயிரிழந்திருந்தார்கள். அரங்கில் கூச்சல் இருந்தாலும் அதற்கு அடியில் ஒரு கனம் இருந்தது. லயன்ஸ் முன்னிலையில் இருந்தபோது, நான்கு நிமிடங்களே மிச்சமிருக்க, தன் எல்லைக்குள் 28ஆவது யார்டிலேயே நான்காவது டவுனில், அதாவது பத்து யார்டு முன்னேறத் தரப்படும் நான்கு முயற்சிகளில் கடைசியில், பந்தை உதைத்து அனுப்பாமல் துணிந்து ஆடச் சொன்னார் கேம்ப்பெல். கோஃப் வீழ்த்தப்பட்டுப் பந்தைப் பறிகொடுத்தார். வைக்கிங்ஸ் 27-23 என்று முந்தியது. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர் தம் குழந்தைக்குக் கையுறை மாட்டிவிட்டுக் கிளம்பத் தயாரானார்.

ஒரு நிமிடம் ஐம்பது வினாடி மிச்சம். 75 யார்டு போக வேண்டும், நேரத்தை நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு ஒன்றுகூட இல்லை. கோஃப் அவசரப்படவில்லை. ஐந்து யார்டு, எட்டு யார்டு என்று, சில்லறை எண்ணிக் கொடுப்பவரைப் போலப் பந்தைக் கொடுத்துக்கொண்டே போனார். நான்கு வினாடிகள் மிச்சமிருக்கும்போது எல்லைக்கோட்டுக்கு 11 யார்டு. கடைசி ஆட்டம். பந்து பின்னால் வந்தது. நான் செயின்ட் பிரவுனைப் பார்க்கவில்லை, கோஃபைச் சுற்றியிருந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் தேர்வடத்துக்கு உள்பக்கம் ஒரு வெற்றிடம் இருக்குமே, அதுபோல அவரைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. பந்து போனது. எதிரணிக் காவலர் எல்லைக்கோட்டுக்கு வெகு பின்னால் நிற்க, கோட்டின் மேலேயே செயின்ட் பிரவுன் பிடித்தார். 29-27. கேம்ப்பெல் ஆட்டப்பந்தை ஆக்ஸ்ஃபோர்டு மக்களுக்கு உரித்தாக்கினார். வீடு திரும்பியதும் அண்ணன் சிவப்புப் பேனாவைத் தேடினார்; ஏறத்தாழ ஓர் ஆண்டாகத் திறக்காததால் மை காய்ந்திருந்தது. அண்ணியின் குங்குமச் சிமிழிலிருந்து தொட்டு எழுதினார். அந்தக் கட்டம் இன்றும் விரலில் ஒட்டும்.

பருவம் 3-13-1 (வெற்றி-தோல்வி-சமன்) என்று முடிந்தது. அங்கே 2022 பிப்ரவரியில் ஸ்டாஃபோர்ட், ராம்ஸில் முதல் ஆண்டிலேயே, சூப்பர் பவுலை வென்றார். எதிரில் ஆடியது யார் தெரியுமா? சூயலை வேண்டாம் என்று சேஸை எடுத்த அதே பெங்கால்ஸ். 23-20 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் பரோ ஏழு முறை வீழ்த்தப்பட்டார். கடைசி முயற்சியிலும் ஆரன் டொனால்ட் அவரைப் பிடித்துச் சுழற்றியபோது எறிந்த பந்து தரையில் விழுந்தது. இதை வைத்துக்கொண்டு, பார்த்தாயா, சூயலை எடுத்திருக்க வேண்டும் என்று அண்ணனிடம் சாதித்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “சேஸ் இல்லாட்டி அவங்க அங்க வந்தே இருக்க மாட்டாங்க தம்பி” என்றார். அதற்கு என்னிடம் இன்றுவரை சரியான பதில் இல்லை. சேஸ் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரராகவும் தேர்வானார். பெங்கால்ஸ் ஓராண்டில் தொட்ட உயரத்தை லயன்ஸ் இன்னும் தொடவில்லை என்பதையும் மறைக்க முடியாது. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஓடவும் நழுவவும் தெரிந்த பரோவுக்கு அந்தக் கட்டுமானம் ஒருமுறை தாங்கியது, கோஃபை அங்கே நிறுத்தியிருந்தால் அக்டோபருக்குள் கதை முடிந்திருக்கும். குவாட்டர்பேக்கைச் சுற்றிக் கட்டுவது என்றால் பொதுவான ஒரு குவாட்டர்பேக்கைச் சுற்றிக் கட்டுவதில்லை. இந்த ஆளுக்கு, இந்த ஆளின் கால்களுக்கு அளவெடுத்துக் கட்டுவது.

2022இல் லயன்ஸ் மறுபடி ஒரு வெற்றி, ஆறு தோல்வி என்று தொடங்கியது. தீபாவளிக்குக் கூடியிருந்த வீட்டில், அதிரசத் தட்டுக்கு மேல், கோஃபை அனுப்பிவிட்டு அடுத்த டிராஃப்டில் ஒரு குவாட்டர்பேக்கை எடுப்பதைப் பற்றி எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. அனுப்ப வேண்டும் என்று வாதாடியவன் நான்தான் என்பதை இங்கே பதிந்துவிடுகிறேன். தாக்குதலில் அணி லீகின் முன்வரிசையில் இருந்ததையும், தோல்விகள் தற்காப்பின் ஓட்டைகளால் வந்ததையும் நான் அப்போது பார்க்கத் தவறினேன். அதே வாரத்தில் அணியின் உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹேம்ப் பயிற்சித் திடலுக்கு வந்து, செய்தியாளர்களிடம், இது கடினமான காலம், ஆனாலும் இந்த நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை குறையவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். 1960களின் தொடக்கத்திலிருந்து அணியை வைத்திருக்கும் குடும்பம் அது. பொறுமை என்ற பெயரில் அவர்கள் செய்த தவறுகளை அடுக்கினால் தனிக் கட்டுரையாகும். இந்த முறை மட்டும் பொறுமை சரியான இடத்தில் விழுந்தது.

திருப்பத்துக்குக் காரணமான இன்னொருவர் பென் ஜான்சன். 2021இன் நடுவிலேயே பந்தெறிதல் திட்டங்களில் இவருக்குக் கூடுதல் பொறுப்பு தரப்பட்டு, 2022இல் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரானார். கோஃபுக்கு எந்த எறிதல்கள் பிடிக்கும், எவை பிடிக்காது என்று அவரிடமே கேட்டு, அதற்கேற்ப ஆட்டப் புத்தகத்தை எழுதினார். அதன் இதயம் பிளே-ஆக்‌ஷன்: பந்தை ஓடுபவரின் வயிற்றருகே நீட்டிக் கொடுப்பதுபோல் காட்டி, கொடுக்காமல் இழுத்துக்கொண்டு எறிவது. அந்தப் பொய்யை எதிரணி நம்ப வேண்டுமானால் முதலில் உண்மையாகவே ஓடி முன்னேறும் அணியாக இருக்க வேண்டும். ஓடி முன்னேற வேண்டுமானால் முன்னால் நிற்கும் ஐவர் எதிரிகளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதாவது பொய்யின் வேரும் அந்த ஐவரிடம்தான் இருக்கிறது. எதிரணி ஓடுபவரை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கும் நேரத்தில் கோஃபுக்கு அரை வினாடி லாபம். டிசம்பரில் வைக்கிங்ஸ் ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தில், மூன்றாவது டவுனில், சூயலையே தடுப்பு வரிசையிலிருந்து நழுவவிட்டு அவருக்குப் பந்தை எறியச் சொன்னார் ஜான்சன். 150 கிலோவுக்கு நெருக்கமான அந்த மனிதர் பந்தைப் பிடித்துத் தரையில் சரிந்ததை அண்ணன் எத்தனை முறை திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை.

அடுத்த பத்து ஆட்டங்களில் எட்டு வெற்றி. 2023 ஜனவரி 8 அன்று மாலை ராம்ஸ் சியாட்டிலிடம் தோற்றதால் லயன்ஸின் பிளேஆஃப் வாய்ப்பு ஆட்டம் தொடங்கும் முன்பே போய்விட்டது. ஆனாலும் அன்றிரவு கிரீன் பே சென்று பேக்கர்ஸை 20-16 என்று வென்று அவர்களையும் பிளேஆஃபுக்கு விடாமல் செய்தார்கள். ராம்ஸின் சரிவு இன்னொரு பக்கத்தில் பலன் கொடுத்தது. அந்த அணி 5-12 என்று விழுந்ததால், இப்போது லயன்ஸ் கையில் இருந்த அதன் முதல் சுற்று வாய்ப்பு ஆறாவது இடத்துக்கு ஏறியது. ஹோம்ஸ் அதை அரிசோனாவிடம் கொடுத்து 12ஆவது இடத்தையும் 34ஆவது இடத்தையும் வாங்கினார். பன்னிரண்டில் ஜமீர் கிப்ஸ் என்ற ஓட்டக்காரர், முப்பத்து நான்கில் சாம் லபோர்ட்டா. ஓட்டக்காரருக்கு அவ்வளவு உயர்ந்த இடத்தைச் செலவழிப்பதா என்று விற்பன்னர்கள் ஏசினார்கள்.

2024 ஜனவரி 14, ஞாயிறு. லயன்ஸ் அந்தப் பருவத்தில் 12 வெற்றிகளோடு, 30 ஆண்டுகளில் முதல் முறையாகப் பிரிவுப் பட்டம் வென்றிருந்தது. ஃபோர்டு ஃபீல்டில் பிளேஆஃப் ஆட்டம். வந்திருந்தது ஸ்டாஃபோர்டின் ராம்ஸ். காலண்டரில் அந்தக் கட்டத்தில் ‘போகி’ என்று அச்சிட்டிருந்தது. வேண்டாததைத் தெருவில் போடும் நாளில், மூன்று ஆண்டுகளுக்கு முன் ராம்ஸ் வாசலில் தூக்கிப்போட்ட ஆளும், டெட்ராய்ட்டை விட்டுப் போன ஆளும் எதிரெதிரே நிற்கிறார்கள் என்று அண்ணியிடம் சொன்னேன். “யாரு பழைய பாய்னு ராத்திரி தெரிஞ்சிரும்” என்றார் அவர்.

முதல் பாதியில், பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி லயன்ஸ் எடுத்த மூன்று டச்டவுன்களில் ஒன்றைக் கிப்ஸும் ஒன்றை லபோர்ட்டாவும் அடித்தார்கள். ஸ்டாஃபோர்டை விற்ற காசில் வாங்கிய இருவர். ஸ்டாஃபோர்ட் சளைக்கவில்லை, 367 யார்டு எறிந்தார், கை வீங்கிய நிலையிலும் கண்ணை எடுக்கமுடியாதபடி ஆடினார். இரண்டாம் பாதியில் லயன்ஸால் ஒரே ஒரு ஃபீல்ட் கோலுக்கு மேல் எடுக்க முடியவில்லை. 24-23. கடைசி நிமிடங்களில் பந்து லயன்ஸ் கையில். ஒரு முதல் டவுன் எடுத்தால், அதாவது தேவையான பத்து யார்டை முன்னேறிப் புதிதாக நான்கு முயற்சிகள் பெற்றுவிட்டால், ராம்ஸுக்குப் பந்தே கிடைக்காது. ஓடி நேரத்தைக் கரைப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். கோஃபை எறியச் சொன்னார்கள். எறிந்தார், செயின்ட் பிரவுன் பிடித்தார், முடிந்தது. 27 முறை எறிந்ததில் 22 போய்ச் சேர்ந்திருந்தன. அரங்கம் முழுவதும் “ஜாரெட் கோஃப், ஜாரெட் கோஃப்” என்று தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். உடைமாற்றும் அறையில் கேம்ப்பெல் ஆட்டப்பந்தை கோஃப் கையில் கொடுத்து, டெட்ராய்ட்டுக்கு நீ போதும் என்று, அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லையும் நடுவில் சேர்த்துச் சொன்னார்.

சூப்பர் பவுலுக்கு முந்தைய படியான, சான் பிரான்சிஸ்கோவுடனான மாநாட்டு இறுதி ஆட்டத்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை. இடைவேளையில் 24-7 என்று முன்னிலை. முடிவில் 34-31 தோல்வி. நான்காவது டவுனில் உதைக்காமல் துணிந்து ஆடிய கேம்ப்பெலின் முடிவுகளை இன்னும் சிலர் திட்டுகிறார்கள். 2021இல் வைக்கிங்ஸோடு தன் 28ஆவது யார்டில் துணிந்தவர் அவர்தானே. அந்தத் துணிச்சலால் வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனதைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

2024 வசந்தத்தில் கணக்குத் தீர்க்கும் காலம் வந்தது. ஏப்ரலில் செயின்ட் பிரவுனுக்கும் சூயலுக்கும் பெரிய ஒப்பந்தங்கள்; மே மாதத்தில் கோஃபுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 21.2 கோடி டாலர். மலிவான இளைஞர்களை வைத்துக்கொண்டு அதிக விலையில் ஒரு குவாட்டர்பேக்கைத் தாங்கிய அணி, இனி எல்லோருக்கும் முழு விலை கொடுத்தாக வேண்டும். கட்டி முடித்த வீட்டுக்குத்தான் வரி அதிகம். செப்டம்பர் 30 அன்று சியாட்டிலுக்கு எதிராக கோஃப் 18 முறை எறிந்தார், பதினெட்டும் போய்ச் சேர்ந்தன. போதாக்குறைக்கு செயின்ட் பிரவுன் எறிந்த பந்தைத் தானே பிடித்து ஒரு டச்டவுனும் அடித்தார். அன்று அவருடைய சட்டையில் அழுக்கே படவில்லை என்று தோன்றியது. பருவம் 15-2.

பிறகு 2025 ஜனவரி 18, சனிக்கிழமை இரவு, ஃபோர்டு ஃபீல்டுக்கு வாஷிங்டன் கமாண்டர்ஸ் வந்தது. முந்தைய ஆண்டு 4-13 என்று கிடந்த அணி; டிராஃப்டில் இரண்டாவது ஆளாக ஜேடன் டேனியல்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்து, புதிய பயிற்சியாளரும் புதிய பொது மேலாளருமாக, ஒரே ஆண்டில் 12-5 என்று எழுந்து வந்திருந்தது. நான் இத்தனை பக்கம் எழுதிய முறைக்கு நேர் எதிரான முறை. அந்தப் புதுமுகத்துக்குக் கால்கள் இருந்தன. காவல் உடைந்தாலும் தன் வினாடியைத் தானே சம்பாதித்துக்கொண்டார். கோஃபின் எறிதல்களில் மூன்று எதிரணியிடம் போயின, ஒன்று நேராக டச்டவுனாகவே திரும்பியது. 45-31.

அண்ணன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. புதிய ஆண்டின் காலண்டர், தை மாதத் தாள். பென்சிலால் புள்ளிகளை எழுதினார். பிறகு கைப்பேசியில் எதையோ தேடி, “நமக்கு டிராஃப்டில் 28ஆவது இடம்” என்றார். எனக்குத் தெரிந்து அவர் முதல் பத்துக்குள் உள்ள இடங்களைத்தான் ஜனவரியில் தேடிப் பார்த்துப் பழகியவர். “இருபத்தெட்டில் தடுப்பு வரிசைக்கு ஆள் கிடைப்பானா தம்பி?” என்று கேட்டார். கிடைப்பான் அண்ணே என்று சொல்லிவிட்டு, வெளியே வாகனத்தின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டப் போனேன்.